மீதி நானூற்று எட்டு

கறிக்கடைக்காரனுக்கு முன்பல் போனது ஒன்று என்கிற எண்ணால்தான். சிறைக்குள் வந்து சட்டை கூட இன்னும் கசங்கவில்லை. அதற்குள் சோப்புப் பட்டறையின் ஈரத் தரையில் அவனை மண்டிபோட வைத்து, இரண்டு பேர் தோளை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவன் அவன் நெஞ்சில் தைத்திருந்த எண்ணை விரலால் தட்டித் தட்டிக் கேட்டான்.

"சொல்றா. இது எதுல போகும்?"

1070911. பத்து லட்சத்து எழுபதாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று. அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. விளையாடுகிறார்கள் என்று நினைத்துவிட்டான் பாவி. "ஒண்ணுல போகும்ணே. எல்லா எண்ணும் ஒண்ணுல போகுமே" என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தான். சிரித்த வாயிலேயே குத்து விழுந்தது. பல் தெறித்துச் சோப்புத் தண்ணீர் போகிற கால்வாயில் விழுந்து ஓடியது.

"ஒண்ணு கணக்குல கிடையாது" என்றான் குத்தியவன், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிற நிதானத்தோடு. "உன் எண்ணால உன் எண்ண வகுத்தா, அதுவும் கணக்குல கிடையாது. நடுவுல ஏதாவது இருக்கா, அதச் சொல்லு."

சிரிக்காதீர்கள். வெளியே மனிதர்கள் எதை எதையெல்லாம் சாக்கு வைத்து அடித்துக்கொள்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? உள்ளே அதற்கு வகுத்தல் கணக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று மாலை எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னவன் அவனுடைய அறையில் இருந்த தையல்காரன். கைதிகளின் சட்டையில் எண் துணியை வைத்துத் தைப்பது அவன் வேலை. வாய் மட்டும் அவன் மிஷினை விட வேகமாக ஓடும். ஆரம்பத்தில் அந்தச் சிறையில் சாப்பாட்டுக் கூடம் சின்னதாக இருந்ததாம். இரட்டைப்படை எண்காரர்கள் முதலில், ஒற்றைப்படைக்காரர்கள் பிறகு என்று அதிகாரிகள் பிரித்துவிட்டார்கள். முதலில் போனவனுக்குச் சூடான சோறு, பின்னால் போனவனுக்கு அடிப்பிடித்த சோறு. ஒரு நாள் அடிதடி. அடுத்த நாள் ஒருவன் செத்தான். அன்றைக்கு இரட்டைப்படைக்காரர்கள் ஒன்று சேர்ந்து 'ரெண்டு வீடு' ஆனார்கள். மிஞ்சியவர்களில் மூன்றால் வகுபடுகிறவர்கள் 'மூணு வீடு'. அதற்குப் பிறகு அஞ்சு வீடு, ஏழு வீடு என்று வளர்ந்துகொண்டே போனது. கூடம் பெரிதாகக் கட்டப்பட்டு, பந்தி பிரிப்பதை அதிகாரிகள் மறந்தே போனார்கள். இவர்கள் மறக்கவில்லை.

"நான் ஏழு வீடு" என்றான் தையல்காரன். "ரெண்டு பேரோட எண்ணும் ஒரே எண்ணுல போச்சுன்னா அவங்க பங்காளி. சின்ன எண்ணா இருந்தாலும் சரி, பெரிய எண்ணா இருந்தாலும் சரி. பங்காளி மேல கை வைக்கக் கூடாது. பங்காளிய எவனாவது தொட்டா முன்னால போய் நிக்கணும். வீடு இருக்கறவன கூட்டமா சேந்து அடிக்கக் கூடாது, ஒண்டிக்கு ஒண்டிதான்."

"எதுலயும் போகலன்னா?"

"அப்ப நீ ஒண்டி. உன்ன யாரு வேணா, எத்தன பேரு வேணா, என்ன வேணா பண்ணலாம். கேக்க நாதி கிடையாது. மொத தடவ உன் சட்டை வெளுப்புக்குப் போற வரைக்கும் தவணை. அது வரைக்கும் அடிப்பாங்க, உயிர எடுக்க மாட்டாங்க."

"யாராவது இதையெல்லாம் மீறுனா?"

"ஒருத்தன் மீறுனான். தன் பங்காளியவே குத்திட்டான். அவன் தலையப் பிடிச்சுச் சோப்புக் கொப்பரைக்குள்ள அமுக்கினது யாரு தெரியுமா? பெரியண்ணன். ரெண்டு வீட்டுக்குத் தலைவன். கொப்பரையில செத்தவனும் ரெண்டு வீட்டு ஆளுதான், ஆனாலும் விடல."

பெரியண்ணன் என்ற பேரைக் கேட்டதும் கறிக்கடைக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுக்கு அந்த ஆளைத் தெரியும். தன் தங்கையைக் கட்டியவனுக்கு உடன்பிறந்த அண்ணன் அவன். கல்யாணத்தன்று தங்கையின் தலையில் கை வைத்து, "இவ இனி எங்க வீட்டுப் பொண்ணு" என்றவன். தாயும் தகப்பனும் போன பிறகு தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அந்தத் தம்பி குடித்துவிட்டு வந்து இரும்புக் கம்பியால் அடித்ததில் தங்கைக்கு இடது காது போயிற்று. மூன்றாம் முறை அவள் ரத்தம் வழியக் கறிக்கடை வாசலில் வந்து நின்றபோது, இவன் கையில் கத்தி இருந்தது. கடைக்கே தேடி வந்து அவள் கூந்தலைப் பிடித்து இழுத்த மச்சானை இவன் வெட்டினான். ஒரே வெட்டு. தொழில்காரன் வெட்டு, தப்புமா?

பெரியண்ணன் அப்போதே ஏதோ அடிதடி வழக்கில் உள்ளே இருந்தான். தம்பியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட அவனை விடவில்லை. அடுத்த வருஷம் அவனுக்கு விடுதலை. வெளியே ஒரு மகள் அதற்காக நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். தம்பியை வெட்டியவனை இதே சிறைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று அவன் காதுக்கு எட்டியதாம். சோப்பு அறுக்கிற கம்பியின் இரண்டு மரப்பிடிகளையும் துணியால் சுற்றி, வழுக்காமல் கட்டி வைத்துக்கொண்டானாம்.

மறுநாளே கறிக்கடைக்காரன் அவனை நேருக்கு நேர் பார்த்தான். சாப்பாட்டு வரிசையில் பெரியண்ணன் வந்து முன்னால் நின்றான். ஆள் உயரம், குரல் மட்டும் மெலிந்தது. நெஞ்சில் 1067846.

"மச்சான்…" என்று இவன் வாயெடுத்தான்.

"அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொன்ன, தவணைக்குக் காத்திருக்க மாட்டேன்" என்றான் பெரியண்ணன். இவன் தட்டை வாங்கிக் கீழே கவிழ்த்துவிட்டு, சோற்றை மிதித்துக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து கறிக்கடைக்காரன் கணக்குப் போட ஆரம்பித்தான். உயிர் ஆசை ஐயா, உயிர் ஆசை. பள்ளியில் வாய்ப்பாட்டுக்குப் பயந்து ஓடியவன் இப்போது வாய்ப்பாட்டைக் கட்டிக்கொண்டு அழுதான். இரண்டில் போகாது, ஒற்றைப்படை. இலக்கங்களைக் கூட்டினால் பத்தொன்பது, ஆகவே மூன்றில் போகாது. கடைசியில் ஒன்று, ஆகவே ஐந்துக்கு வழியில்லை. ஏழில் மீதி இரண்டு. பதினொன்றுக்கு ஒன்றுவிட்ட இலக்கங்களைத் தனித்தனியே கூட்டிக் கழித்தால் பதினேழு வந்தது, அதுவும் போகாது. பதின்மூன்றில் மீதி பத்து. தையல்காரன் கூடவே உட்கார்ந்து முப்பத்தொன்று வரை வகுத்துவிட்டுக் கையை விரித்தான்.

"அவ்வளவுதான்ப்பா. இதுக்கு மேல இங்க யாரும் போனதில்ல. முப்பத்தொண்ணுல உடையாதது எதுலயும் உடையாது."

இதுதான் அந்தச் சிறை முழுக்கப் பிடித்திருந்த மடத்தனம். தங்களுக்குச் சலித்துப்போன இடத்தோடு எண்களுக்கும் சலித்துப்போகும் என்று நம்பினார்கள். அப்படி ஒண்டி என்று முத்திரை குத்தி எத்தனை பேரை மிதித்தே கொன்றார்களோ, யாருக்குத் தெரியும்! கறிக்கடைக்காரன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மூட்டே இல்லாத உடம்பை அவன் பார்த்ததில்லை. எவ்வளவு பெரிய தொடையானாலும் விரலால் தடவிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் கத்தி தானாக இறங்கும். இதிலும் எங்கேயோ இருக்கும், கை இன்னும் அங்கே போகவில்லை என்றே நினைத்தான்.

ஆனால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க நேரம் வேண்டுமே. நூறைத் தாண்டுவதற்குள்ளேயே துணி வெளுக்கிற நாள் நெருங்கிவிட்டது. இடையில் தங்கை பார்க்க வந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நல்ல காதை இவன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றாள். உதடு வீங்கி, பல் போன வாயைப் பார்த்ததும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு உன்ன விட்டா யாருண்ணே இருக்கா? யார் கால்ல வேணா விழு, என்ன வேணா பண்ணு. உசுரோட வந்து சேரு, அது போதும்."

"வந்துருவேம்மா" என்றான் இவன். சொல்லிவிட்டு அவள் போன பிறகு சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

பட்டறையில் அவனுக்குக் கொடுத்திருந்தது அறுக்கிற வேலை. கறிக்கடைக்காரனாயிற்றே, வேறென்ன கொடுப்பார்கள்? கொப்பரையில் எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்துக் காய்ச்சி, மரச் சட்டத்தில் ஊற்றி இறுகவிட்டு, அதை நீள நீளக் கட்டைகளாக அறுத்து, பிறகு கம்பியால் வில்லை வில்லையாகத் துண்டு போட வேண்டும். வில்லையின் அளவு மாறவே கூடாது. அன்றைக்கு ஒரு நீளக் கட்டையும் ஒரு குட்டைக் கட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டும் முழு வில்லைகளாகவே வரும், துண்டு துணுக்கு மிஞ்சாது என்று அவனுக்குத் தெரியும். நீளக் கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாகத்தைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றான். அதுவும் முழு வில்லைகளாகத்தானே வரும்!

கம்பியைக் கீழே வைத்தான். இரண்டு எண்கள் ஒரே வில்லையில் அறுபடுமானால், பெரியதில் சின்னதைக் கழித்து மிஞ்சுவதும் அதே வில்லையில்தான் அறுபடும். இனி பெரிய எண்ணைப் போட்டுக் குடைய வேண்டாம். ஒவ்வொருவன் எண்ணையும் தன் எண்ணோடு வைத்துக் கழித்துப் பார்த்தால் போதும். மிஞ்சுவது சின்ன எண், சீக்கிரம் உடையும்.

பைத்தியக்காரன் மாதிரி எல்லோருடைய நெஞ்சையும் வெறித்துப் பார்த்துக்கொண்டு திரிந்தான். "என்னடா முறைக்கிற?" என்று அதற்கும் அடி வாங்கினான். கழித்தான், உடைத்தான், வகுத்தான், ஒருவனும் பொருந்தவில்லை. பெரியண்ணன் எண்ணை மட்டும் தொடவில்லை. எவன் தன்னைக் கொல்லப்போகிறானோ அவனிடம் போய் உறவைத் தேடுவானா? ஆனால் வெளுப்பு நாளன்று காலையில், சட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டபோது அவனுக்கு வேறு ஆள் மிச்சமில்லை. சோப்புத் தூள் படிந்த மேஜையில் விரலால் எழுதினான். கழித்தால் மூவாயிரத்து அறுபத்தைந்து. ஐந்தால் வகுத்தால் அறுநூற்றுப் பதின்மூன்று. தன் எண்ணை அறுநூற்றுப் பதின்மூன்றால் வகுக்கத் தொடங்கினான்.

முடிக்கும்போது பின்னாலிருந்து கம்பி கழுத்தில் விழுந்தது.

பெரியண்ணன்தான். முழங்காலை இவன் முதுகில் ஊன்றி இரண்டு பிடிகளையும் இழுத்தான். கம்பி தோலுக்குள் இறங்கியது. இவன் கால் உதைத்ததில் மேஜையிலிருந்த சோப்புக் கட்டைகள் சிதறின. சுற்றி நின்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கொப்பரையைக் கிண்டுகிறவன் மட்டும் கிண்டிக்கொண்டே பார்த்தான், அடிப்பிடித்துவிடுமே என்று. கறிக்கடைக்காரன் தன் விரல் ஒன்றைக் கம்பிக்கும் தொண்டைக்கும் நடுவில் நுழைத்திருந்தான். விரல் எலும்பு வரை அறுபட்டது. அந்த இடுக்கில் கிடைத்த மூச்சில் அவன் கத்தினான்.

"அறுநூத்திப் பதிமூணு! எனக்கும் போகுது, உனக்கும் போகுது!"

பிடி தளரவில்லை. ஆனால் இறுகவும் இல்லை.

"என்னடா உளர்ற?"

"எனக்கு ஆயிரத்து எழுநூத்தி நாப்பத்தேழு தடவ. உனக்கு அஞ்சு தடவ கம்மி, ஆயிரத்து எழுநூத்தி நாப்பத்திரண்டு. போட்டுப் பாரு."

 பெரியண்ணன் கம்பியைக் கீழே போட்டான். புதுச் சோப்புப் பலகை ஒன்றை இழுத்து, ஆணியால் வகுக்க ஆரம்பித்தான். முதலில் இவன் எண், மீதி பூஜ்யம். பிறகு தன் எண், மீதி பூஜ்யம். பலகையை வழித்துத் தேய்த்துவிட்டு மறுபடியும் போட்டான். எங்கேயாவது ஒரு இலக்கம் தவறியிருக்காதா என்று அவன் தேடுவது எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றாம் முறையும் போட்டான். அவன் கண்ணிலிருந்து நீர் வடிந்து சோப்பில் விழுந்தது. காஸ்டிக் நெடியால் என்று நினைக்க விரும்புகிறவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளலாம்.

பங்காளியைக் குத்தியவன் தலையைக் கொப்பரையில் அமுக்கிய கை அது. ரெண்டு வீடு மொத்தமும் அவன் என்ன செய்யப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவன் ஆணியை வைத்துவிட்டு எழுந்தான்.

"பங்காளி" என்றான், வாந்தி எடுக்கிறவன் மாதிரி. "சாப்பிட வா."

அப்படி உண்டானது அறுநூற்றுப் பதின்மூன்று வீடு. இரண்டே பேர். எதிரெதிரே உட்கார்ந்து தினமும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.  பெரியண்ணன் இவன் மென்று விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பான். கழுத்துப் புண்ணால் இவனுக்குச் சோறு இறங்காது. இறங்கினாலும் அந்தப் பார்வையில் யாருக்குச் சோறு ருசிக்கும்?

இதில் சந்தோஷப்பட்டவன் ஒருவன் உண்டு. முக்காலி. மூணு வீட்டுத் தலைவன். பெரியண்ணன் ஒரு சண்டையில் அவன் காலை முறித்ததிலிருந்து தடி ஊன்றி நடப்பதால் அந்தப் பேர். வீட்டுக்கும் பொருத்தம், ஆளுக்கும் பொருத்தம். பெரியண்ணனை நேரே தொட அவனுக்குத் தைரியம் இல்லை. இப்போது பெரியண்ணனுக்கு ஒரு நோஞ்சான் பங்காளி கிடைத்துவிட்டான் அல்லவா? ஒருநாள் பட்டறையில் முக்காலி அனுப்பிய ஆள் ஒருவன், கொதிக்கிற காஸ்டிக் சோடாத் தண்ணீரை வாளியில் எடுத்துக்கொண்டு வந்து கறிக்கடைக்காரன் முகத்தைப் பார்த்து வீசினான்.

இவன் கண்ணை மூடிக்கொண்டான். அலறல் கேட்டது, அது தன் அலறல் இல்லை. திறந்து பார்த்தால் பெரியண்ணன் முன்னால் நின்றான். குறுக்கே நீட்டிய வலது கையில் முழங்கை முதல் மணிக்கட்டு வரை தோல் வெந்து, சட்டைத் துணியோடு சேர்த்து உரிந்து தொங்கியது. அந்தக் கையாலேயே அவன் வாளிக்காரனின் தலைமுடியைப் பற்றி, மேஜை விளிம்பில் முகத்தை மோதினான். மோதினான், மோதினான், மூக்கு இருந்த இடம் தெரியாமல் போகும் வரை மோதினான்.

மருந்து வைத்துக் கட்டும்போது கறிக்கடைக்காரன் பக்கத்தில் போய் நின்றான்.  "மச்சான்" என்றான்.

"உனக்காக இல்ல" என்றான் பெரியண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு. "அறுநூத்திப் பதிமூணுக்காக. வழக்கம்னு ஒண்ணு இருக்கு. அத நான் மீற மாட்டேன்." கட்டுப் போட்ட கையைப் பார்த்து, "என் தம்பி சின்ன வயசுல இந்தக் கையிலதான் தூங்குவான்" என்றான். 

கட்டுப் பிரித்த நாளில், வரிசையாக எண்ணிக்கை எடுத்துக்கொண்டிருந்த வார்டரைப் பெரியண்ணன் காரணமே இல்லாமல் அடித்தான். சும்மா ஒரு அறை என்றால் கூடப் போகட்டும். தாடை இரண்டாக உடைந்து, கீழ்ப்பல் வரிசை கோணிக்கொண்டு தொங்கியது. பத்து வார்டர்கள் சேர்ந்து அவனை மிதித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அடி வாங்கும்போது அவன் தடுக்கவே இல்லை.

"பைத்தியமா இவனுக்கு?" என்றான் கறிக்கடைக்காரன். "அடுத்த வருஷம் விடுதலை ஆக வேண்டியவன்! பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு!"

தையல்காரன் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுச் சொன்னான்.  "புது வழக்குப் போடுவாங்க. தனியா அடைச்சு வச்சு விசாரிச்சு, புதுத் தண்டனை கொடுத்து அனுப்புவாங்க. புதுத் தண்டனைன்னா…" என்று நிறுத்தி, இவன் நெஞ்சைக் காட்டினான். "புது எண்."

அப்போதுதான் விஷயம் இவன் மண்டையில் ஏறியது. எண்களை வரிசையாகத்தான் கொடுக்கிறார்கள். இவன் எண்ணில் அறுநூற்றுப் பதின்மூன்று போகும். அடுத்து அது போகிற எண் வர இன்னும் அறுநூற்றுப் பதின்மூன்று பேர் தண்டனை பெற வேண்டும். இவனை உடைக்கிற இன்னொரு எண் ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தேழு. அது அதைவிடத் தூரம். அதற்குள் எந்த எண் கிடைத்தாலும் பெரியண்ணனுக்கும் இவனுக்கும் பொதுவாக ஒன்றைத் தவிர வேறொன்றும் இருக்காது. பெரியண்ணன் அதையெல்லாம் கணக்குப் போட்டுவிட்டுத்தான் வார்டர் தாடையில் கை வைத்திருக்கிறான். விடுதலையை, மகளை, ரெண்டு வீட்டுத் தலைமையை, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு எண்ணை வாங்கப் போயிருக்கிறான். தம்பி மேல் அப்படி ஒரு பாசம்! அந்தத் தம்பி அதற்குத் தகுந்தவனா என்பது வேறு பேச்சு.

"இப்ப நான் ஒண்டியா?" என்று கேட்டான்.

"இல்ல. வீடு இருக்கு, ஆள் இல்ல" என்றான் தையல்காரன்.

அதற்குப் பிறகு புதிதாக யார் வந்தாலும் கறிக்கடைக்காரன் ஓடிப்போய் எண்ணைப் பார்த்தான். ஒருவன் 1071225 என்று வந்தான். ஆயிரத்து முப்பத்தைந்தை அதாலேயே பெருக்கினால் வருகிற முழு வர்க்கம். மூன்றிலும் போகும், ஐந்திலும் போகும். மூணு வீட்டாரும் அஞ்சு வீட்டாரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்ததில் அவன் தோள்மூட்டு நழுவிவிட்டது. இவன் போய்ப் பழைய தொழில் ஞாபகத்தில் மூட்டைத் தள்ளி உட்கார வைத்தான். தன் எண்ணிலிருந்து முன்னூற்றுப் பதினான்கு ஆகிவிட்டது என்று மட்டும் மனதில் குறித்துக்கொண்டான். சீக்கிரம் ஆள் வரட்டும், அறுநூற்றுப் பதின்மூன்று ஆகட்டும் என்று, ஊரில் குற்றம் பெருக வேண்டிக்கொண்ட ஒரே மனிதன் அவனாகத்தான் இருப்பான்.

ஆகவில்லை. ஒரு முற்பகலில் பட்டறைக் கதவு திறந்தது. பெரியண்ணன் உள்ளே வந்தான். இளைத்திருந்தான். நெஞ்சில் 1071319.

ஒரு நிமிஷம் எல்லா வாயும் முணுமுணுத்தது. ஒற்றைப்படை. கூட்டினால் இருபத்திரண்டு, மூன்றில் இல்லை. ஐந்தில் இல்லை. ஏழில் மீதி நாலு. பதினொன்று, பதின்மூன்று, பதினேழு… விரல்கள் முப்பத்தொன்று வரை போய் நின்றன. "ஒண்டி" என்று யாரோ சொன்னான். நேற்றுவரை அண்ணே அண்ணே என்று பின்னால் திரிந்த ரெண்டு வீட்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார்கள். முக்காலி தடியை ஊன்றி மெல்ல எழுந்தான். அவனோடு மூணு வீடும் எழுந்தது.

பெரியண்ணன் அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே அறுக்கிற மேஜைக்கு வந்தான். "நானூத்தி எட்டு" என்றான். "கழிச்சுப் பாத்துட்டேன். இப்ப நீ எனக்கு யாரும் இல்ல."

கறிக்கடைக்காரன் கையில் கம்பி இருந்தது. வீச ஓங்கினான். பெரியண்ணன் அவன் மணிக்கட்டைத் திருகிக் கம்பியைப் பிடுங்கி, அவனை மேஜையில் மல்லாத்தி, கழுத்தில் குறுக்கே போட்டு இழுத்தான். பழைய தழும்பிலேயே கம்பி உட்கார்ந்தது. இந்த முறை இடையில் விரல் இல்லை. ரத்தம் காதோரமாக வழிந்து சோப்பை நனைத்தது. இவனுக்கு மேலே தெரிந்தது வெந்து சுருங்கின அந்த வலது கைதான். தங்கையின் முகம் வந்தது. வந்துருவேம்மா என்று சொன்னது வந்தது. பிறகு கண் இருட்டியது.

திடீரென்று காற்று வந்தது. மூணு வீட்டுக்காரர்கள் பெரியண்ணனைப் பின்னாலிருந்து இழுத்துத் தரையில் தள்ளியிருந்தார்கள். இவனைக் காப்பாற்ற இல்லை. அவர்களுக்கு அவன் வேண்டியிருந்தது. எட்டுப் பத்துக் கால்கள் அவன் மேல் ஏறி இறங்கின. முக்காலி தடியைத் திருப்பிப் பிடித்து, இரும்புப் பூண் போட்ட நுனியால் முழங்காலை அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் கறிக்கடைக்காரனுக்குத் தெரியாத சத்தமா? பெரியண்ணன் அந்த நிலையிலும் தரையில் தவழ்ந்தான். மேஜையைப் பார்த்து, இவனைப் பார்த்து, வெந்த கையை நீட்டி நீட்டித் தவழ்ந்தான்.

இவன் சும்மா இருந்திருந்தால் போதும். அவன் செத்தால் இவனுக்கு உயிர் உறுதி. தங்கைக்குக் கொடுத்த வாக்கும் நிறைவேறும். இது எல்லாம் இவனுக்குத் தெரியும். ஆனால் கண் அந்தக் கையை விட்டு நகர மாட்டேன் என்றது. மனசு முடிவெடுப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"விடுங்கடா! அறுநூத்திப் பதிமூணுல போகுது! அவன் எண்ணும் போகுது, நான் பாத்துட்டேன்! என் பங்காளிடா அவன்!"

கால்கள் நின்றன. அறுநூற்றுப் பதின்மூன்றைக் கண்டுபிடித்தவன் சொல்கிறான். அங்கே அவன் கணக்கைச் சந்தேகப்படுகிறவன் யாரும் இல்லை. வீடு உள்ளவனைக் கூட்டமாக அடித்தால் எல்லா வீடும் திரும்பும். முக்காலியின் தடி அந்தரத்தில் நின்றது. "நெசமாவா?" என்று கேட்டான், பயந்த குரலில்.

"நெசம்" என்றான் கறிக்கடைக்காரன். கழுத்திலிருந்து ரத்தம் ஒழுக ஒழுகச் சொன்னான். "வழக்கத்த மீறாதீங்க. தள்ளிப் போங்க."

அவர்கள் ஓரடி விலகினார்கள். பெரியண்ணன் தலையைத் தூக்கினான். ஒரு கண் மூடிவிட்டது. வாயில் உடைந்த பற்கள். அவற்றைத் துப்பிவிட்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்த மாதிரி இருந்தது.

"பொய் சொல்றான்" என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "போகாது. மீதி நானூத்தி எட்டு. நான் இவனுக்குப் பங்காளி இல்ல."

முக்காலி இவனைப் பார்த்தான். பிறகு தடியைப் பெரியண்ணன் தலையில் இறக்கினான்.

வார்டர்கள் வந்து சேர்ந்தபோது பிணத்தைத் தூக்கிப் போவதற்குத்தான் வேலை இருந்தது. ஒண்டியின் காலைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை. கறிக்கடைக்காரன் போய்ப் பிடித்துத் தூக்கினான். திரும்பி வந்து, கழுத்தில் கட்டுப் போட்டுக்கொள்ளக்கூடப் போகாமல், புதுச் சோப்புப் பலகையை இழுத்து வைத்து ஆணியால் 1071319 என்று எழுதினான். அறுநூற்றுப் பதின்மூன்றால் வகுத்தான். மீதி நானூற்று எட்டு. பலகையை வழித்துத் தேய்த்துவிட்டு மறுபடியும் வகுத்தான். அறுக்கிற நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் வகுத்துக்கொண்டே இருந்தான்.